காற்றுக்கு வழிவிட்ட மலைகள்

அந்தக் காலத்தில் மலைகள் பேசும். இப்போது போல ஊமையாக நிற்காது. அடிவாரத்தில் யாராவது நடந்து போனால், எந்த ஊர், என்ன சங்கதி என்று விசாரிக்காமல் விடாது.

அப்போது மேற்குக் கடலோரம் நெடுக மலைகள் ஒரே சுவராக நின்றன. பூமித்தாய் தன் வயிற்றுச் சூட்டிலிருந்து அவற்றை வெளியே தள்ளியபோது எல்லாம் வெந்த களி மாதிரி குழைந்து கிடந்தன. புது இடம், புது வெளிச்சம். பயந்துபோய் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டன. பிடித்த பிடியிலேயே ஆறிக் கல்லாகிவிட்டன.

"இப்படியே நில்லுங்கள். கையை விட்டால் மறுபடி கோர்க்க முடியாது. கல் ஒருமுறைதான் குழையும்" என்று பூமித்தாய் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த வரிசையில் நீலமலை அக்கா. அவளை அடுத்துத் தெற்கே நின்ற ஆனைமலை தம்பி. பெயரில்தான் ஆனை. தூரத்தில் ஓர் இடி இடித்தால் போதும், அக்காவின் கையை நசுக்கிவிடுவான். மற்ற மலைகள் அவனைக் கேலி செய்யும். நீலமலை செய்ததில்லை.

மலைக்கு மேற்கே காற்றுக்குக் குறைவே இல்லை. கிழக்கே கொங்கு நாட்டில் ஓர் இலை அசையாது. கிழக்குக் கடலின் காற்றும் அவ்வளவு தூரம் வருவதற்குள் களைத்துப் படுத்துவிடும். ஜனங்கள் கம்பு விளைவித்தார்கள். கம்பைத் தூற்றக் காற்று வேண்டும். முறத்தில் புடைக்கலாமே என்பீர்கள். அவர்கள் என்ன, தெரியாமலா இருந்தார்கள்? புடைக்கத்தான் செய்தார்கள். மேலே எழும்பிய சுணை, அதுதான் கம்பில் ஒட்டியிருக்கும் முள் போன்ற தூசி, போக்கிடம் இல்லாமல், கொஞ்ச நேரம் தலைக்கு மேல் நின்றுவிட்டு மறுபடி தானியத்திலேயே வந்து உட்காரும். ஊரே சுணையோடு கூழ் குடித்தது. ஊரே இருமியது.

மலையடியில் நல்லாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய பெண் குழந்தைக்குச் சுணை குத்திக் குத்தித் தொண்டை புண்ணாகிவிட்டது. கூழைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொண்டது. தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. குழந்தை நாளுக்கு நாள் துரும்பாக இளைத்தது. பெற்றவள் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் முறத்தோடு, அக்காவும் தம்பியும் கைகோர்த்திருந்த இடத்துக்கு நடந்தாள்.

"ஏனுங் அக்கா, என்ற புள்ளைக்கு ஒண்ணும் எறங்க மாட்டீங்குது. அந்தப் பக்கம் காத்து சும்மாதானுங்க சுத்திக்கிட்டு கெடக்குது. ஒரு முறத்தகலம் வழி வுட்டீங்கன்னாப் போதும்" என்றாள்.

நீலமலை குழந்தையைப் பார்த்தாள். அதன் கழுத்து தலையைத் தாங்க முடியாமல் சாய்ந்து கிடந்தது.

"ஒரு வெரல வேணா எடுக்கறேன் அம்மிணி. முழுக் கையக் கேக்காத. என்ற தம்பி தாங்க மாட்டான்."

"ஒரு வெரலே போதுமுங்."

நீலமலை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு விரலை ஒடித்து எடுத்தாள்.

நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் மேற்குக் கடலின் காற்று அத்தனையும் அந்த இடுக்கைப் பார்த்துவிட்டது. முட்டி மோதிக்கொண்டு உள்ளே புகுந்தது. உமி மட்டுமா போயிற்று? தானியமும் போயிற்று, கூரைகளும் போயின. நல்லாத்தாள் ஒரு பாறைக்குப் பின்னால் குழந்தையின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். நீலமலை ஒடித்த விரலை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்துப் பார்த்தாள். ஆறிய கல் ஒட்டவில்லை.

"இப்படியா வருவ? கொஞ்சம் மெதுவா வரக் கூடாதா?" என்று காற்றைக் கோபித்துக்கொண்டாள்.

"என்னை வைஞ்சு என்னக்கா பண்றது? இத்தனூண்டு சந்துல அத்தனை பேரும் வரோணும்னா தள்ளுமுள்ளுதான். அகலமா வழி இருந்தா நான் எதுக்கு இடிச்சுக்கிட்டு வாறேன்?" என்றது காற்று.

அதில் நியாயம் இருந்தது. நீலமலைக்கும் புரிந்தது. ஆனால் அகலமாக வழிவிடுவது என்றால் தம்பியின் கையை அடியோடு விடுவது. அவள் விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதுவரை வாயே திறக்காத ஆனைமலை அப்போதுதான் பேசினான்.

"அக்கா, அந்தப் புள்ள அழுவுதா?"

"இல்ல சாமி. சத்தமே காணோம்."

"அப்ப நீ கைய எடு."

"நீ பயந்துக்குவியே."

"பயந்துக்கறேன். அதுக்கென்ன பண்றது?"

அக்காவால் எடுக்க முடியவில்லை. தம்பியே தன் கையைப் பிய்த்துக்கொண்டான். பூமி குலுங்கியது. பாறைகள் உருண்டு ஓடின. அவன் தெற்கே ஓரடி நகர்ந்து நின்று, "போதுமாக்கா?" என்று கேட்டான்.

காற்று இன்னும் சீறிக்கொண்டுதான் இருந்தது. போதும் என்று சொல்லிவிட அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும். "இன்னுங் கொஞ்சம் தள்ளு சாமி" என்றாள்.

இன்னும் ஓரடி போனான். "போதுமா?"

"இன்னுங் கொஞ்சம்."

அவன் கேட்கக் கேட்க அவள் தன் வாயாலேயே அவனைத் தள்ளித் தள்ளி அனுப்பினாள். முதலில் சாதாரணமாகச் சொன்னவள், பிறகு உரக்கச் சொன்னாள், பிறகு கத்த வேண்டியிருந்தது. அவன் போகப் போகக் காற்றின் வேகம் தணிந்தது. நல்லாத்தாள் எழுந்து, மண்ணில் சிதறிக் கிடந்த கம்பை வாரி முறத்தில் எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துச் சரித்தாள். தானியம் காலடியில் விழுந்தது. சுணை கிழக்கே பறந்து போனது. அந்தக் கம்பை இடித்து, காய்ச்சி, ஆற்றி, ஒரு வாய் ஊட்டினாள். குழந்தை விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தது.

"போதும் சாமி, நின்னுக்கோ" என்று நீலமலை கத்தினாள். காற்று அந்தக் குரலைக் கிழக்கே அடித்துக்கொண்டு போய்விட்டது. பதில் வராததால், இன்னும் போதவில்லை என்று நினைத்து ஆனைமலை மேலும் மேலும் நகர்ந்தான். பின்னால் நின்ற மலைகளில் முட்டி, இனி இடமில்லை என்று ஆன பிறகுதான் நின்றான். திரும்பிப் பார்த்தான். நடுவில் வெறும் வெளி. அக்காவைக் காணவில்லை. குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தான்.

அன்று முதல்தான் பாலக்காட்டுக் கணவாய் அத்தனை அகலமாகத் திறந்து கிடக்கிறது, ஆனி ஆடியில் அதன் வழியே கொங்கு நாட்டுக்குக் காற்று வருகிறது. அன்று முதல்தான் ஆனைமலையின் உச்சியான ஆனைமுடி நீலமலையைவிட ஒரு பிடி உயரமாக இருக்கிறது. எட்டிப் பார்க்கத் தூக்கிய குதிகாலை அவன் இன்னும் கீழே வைக்கவில்லை.