கட்சி மாறிய குதிரை

“போகாதே, போகாதே! அங்கே மந்திரி நிக்கான்!” என்று மாசிலாமணி கத்தினான்.

குதிரை கேட்கவில்லை. நேராகப் போய் மந்திரியின் வழியில் நின்று வெட்டுப்பட்டது.

“இந்தத் தடவையும் அங்கேயேதான் போகுது அண்ணாச்சி” என்றான் தவசி.

“இன்னொரு தடவை போடு. புத்தி வருதான்னு பாப்போம்.”

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது முந்தின நாள் சாயங்காலமே தோற்றுமுடித்த ஆட்டம். மாவு மில்லில் எந்திரத்தை நிறுத்திவிட்டு, மிளகாய் வற்றலோடு வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, மூன்று பேர் ஒரு செல்போன் மேல் குனிந்திருந்தார்கள். மில் மாசிலாமணியுடையது. தவசி அதில் மாவு அரைப்பவன். இருளப்பன் பக்கத்து சைக்கிள் கடைக்காரன். யோசனை சொல்வதற்காக வருவான்.

விஷயம் சின்னதல்ல. வருகிற வெள்ளிக்கிழமை மாசிலாமணியின் தங்கை உலகம்மாளின் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். தாய்மாமன்கள் இரண்டு பேர். மடி ஒன்று போதும். கோவில்பட்டியில் இருக்கும் அண்ணன் சங்கரலிங்கம், தான் மூத்தவன் என்றான். மாசிலாமணி, பிள்ளைக்குத் தொட்டில் கட்டினதே நான்தான் என்றான். அது கழன்று விழுந்ததைப் பற்றி இரு தரப்பிலும் பேச்சு எழவில்லை. கடைசியில், கோயிலில் வைத்து செல்போனில் ஒரு செஸ் ஆட்டம், ஜெயித்தவன் மடி என்று முடிவானது.

அது சாதாரண செஸ் இல்லை. இதில் வெட்டுப்பட்ட காய் செத்துப்போவதில்லை. வெட்டினவன் கைக்குப் போய் அவன் ஆளாகிவிடும். அவன் அதை வேண்டிய கட்டத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம். இணையத்தில் இதற்கு ஏதோ பெயர் இருக்கிறது. மில்லில் இதைக் கட்சிமாறி ஆட்டம் என்றார்கள்.

அண்ணன் நல்ல மனுஷன். பழக்கத்துக்கு ஆடிய ஆட்டத்தில் தம்பியைத் தோற்கடித்த கையோடு போன் பண்ணினான்.

“ஏல, ஆடிக்கிட்டே இருந்தா ஆட்டம் வந்துருமா? தோத்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாரு. எதனால தோத்தேன்னு கண்டுபிடி. கண்டுபிடிச்சதை மறுபடி செய்யாதே. அம்புட்டுதான்.”

அதைத்தான் இப்போது செய்துகொண்டிருந்தார்கள்.

“நிறுத்து” என்றான் இருளப்பன். “கடைசியில நம்ம ராஜாவை மடக்கினது எது?”

“குதிரை.”

“யார் குதிரை?”

மூவரும் உற்றுப் பார்த்தார்கள். வெட்டுப்பட்டுப் போன அதே குதிரைதான். அண்ணன் கையிலிருந்து இறங்கி, தம்பியின் ராஜாவுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

“நிறத்தைக்கூட மாத்திக்கிட்டு வந்திருக்கு” என்றான் தவசி.

“கொஞ்சமாவது தயங்குச்சா, பாத்தீங்களா?” என்றான் இருளப்பன்.

மாசிலாமணி செல்போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, “இனிமே குதிரையை வெளியே விடக் கூடாது” என்றான்.

அடுத்த ஆட்டத்தில் குதிரைகள் வீட்டோடு இருந்தன. யானை வெட்டுப்பட்டது, அந்த யானையே திரும்பி வந்து மடக்கியது. திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். யானையும் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்கடுத்து மந்திரி. ராணி விஷயத்தில் மட்டும் மாசிலாமணி ஒரு ராத்திரி அவகாசம் கேட்டான். காலையில் அவனே அதையும் ஒப்புக்கொண்டான்.

“அண்ணாச்சி, நாமளும் ஒரு யானை வெட்டி வச்சிருக்கோமே. அதை இறக்கலாம்ல?” என்று ஒருமுறை தவசி கேட்டான்.

“அண்ணன் யானையையா? என் ராஜா பக்கத்துலயா?”

“அதான் நம்மகிட்ட வந்துருச்சே.”

“இப்பத்தான வந்திருக்கு. கொஞ்ச நாள் போகட்டும், குணத்தைப் பாப்போம்.”

கடிகாரத்தில் அப்போது பத்து வினாடி மிச்சம் இருந்தது.

வியாழக்கிழமை சிப்பாய்களின் வழக்கு வந்தது.

“சிப்பாய் பாவம். சொன்னதைச் செய்யுறவன்” என்றான் தவசி.

“எல்லா ஆட்டத்துலயும் முதல்ல நகர்ந்து வழி விட்டது யாரு?” என்றான் இருளப்பன்.

சிப்பாய்களும் நிறுத்திவைக்கப்பட்டன. திரும்பிப் பார்த்ததில் கட்சி மாறாதவர் ராஜா ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் அண்ணனும் தம்பியும் ஒரே ஜமுக்காளத்தில், முழங்கால் இடிக்க, ஆளுக்கொரு செல்போனோடு உட்கார்ந்தார்கள். இருவர் மடியிலும் புதுத் துண்டு விரித்திருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சட்டுபுட்டுன்னு முடிங்க. நல்ல நேரம் போயிரும்” என்று சொல்லி, பிள்ளையைத் தவசி கையில் கொடுத்துவிட்டு, உலகம்மாள் பொங்கல் பானையைப் பார்க்கப் போனாள்.

மாசிலாமணிக்கு வெள்ளைக் காய். முதல் காயை அவன்தான் நகர்த்த வேண்டும். அவன் ஆடவில்லை.

“ஆடுல.”

“யோசிக்கேன்.”

இருளப்பன் காதருகே குனிந்து, “சிப்பாயைத் தொட்டுறாதீங்க அண்ணாச்சி” என்றான். மாசிலாமணி இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டான். சற்று நேரத்தில் இரண்டு செல்போன்களும் ஒன்றாக முனகின. காய் எதுவும் நகராததால் ஆட்டம் ரத்து என்று வந்தது.

“தோக்கலை!” என்று இருளப்பன் குதித்தான். “திரும்பப் போட்டுப் பாருங்க, தப்பு எத்தனைன்னு பாருங்க!”

பார்த்தார்கள். செல்போன் போட்ட கணக்கில் ஒரு தப்புகூட இல்லை. மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

சங்கரலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் செல்போனைப் பார்த்தான். “ஏல, எனக்கும் தப்பு இல்லைன்னுதான் காட்டுது” என்றான் மெதுவாக. “இத்தனை வருசமா ஆடுறேன். தப்பே இல்லாம ஒரு ஆட்டம் ஆடினதில்லை.”

“இன்னொண்ணு ஆடுவோமா அண்ணே?”

“ஆடுவோம்.”

இந்தமுறை வெள்ளை அண்ணனுக்கு. அவன் விரல் சிப்பாய் வரைக்கும் போனது. யோசித்து, விரலை மடக்கிக்கொண்டான். அந்த ஆட்டத்திலும் இருவர் பக்கமும் தப்பில்லை.

ஆசாரி சூரியனைப் பார்த்தார். ஜமுக்காளத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளையை வைத்திருந்த தவசியிடம், “ஏப்பா, நீ மாமனா?” என்று கேட்டார்.

தவசி யோசித்தான். அவன் தங்கைக்கு இரண்டு பையன்கள்.

“ஆமா, மாமன்தான்.”

“அப்ப உக்காரு.”

தவசி உட்கார்ந்தான்.

பிள்ளை வீறிட்டது. கொஞ்சம் விட்டு, இன்னொரு முறை வீறிட்டது.

“யாராவது பிள்ளையைச் சமாதானப்படுத்துங்கப்பா. இங்கே யோசிக்க முடியலை” என்றான் சங்கரலிங்கம், தலையைத் தூக்காமல்.

“முதல்ல இருந்து போடுங்கண்ணே” என்றான் மாசிலாமணி. மடித்துண்டு விலகாமல் இழுத்துவிட்டுக்கொண்டு அண்ணன் செல்போன் பக்கம் சாய்ந்தான். மூன்று தலைகளும் சேர்ந்து குனிந்தன. திரையில் காய்கள் அதனதன் வரிசையில் நின்றன.

“பாத்தீங்களா” என்றான் இருளப்பன், குரலைத் தாழ்த்தி. “குதிரை அசையவே இல்லை.”

தாய்மாமனுக்கென்று வைத்திருந்த தட்டிலிருந்து தவசி ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தான். நுனியைக் கிள்ளிப் பிள்ளை வாயில் வைத்துவிட்டு, மீதியைத் தான் தின்றான்.