மற்றதெல்லாம் கலை

கழியூரை ஆண்ட மகுடவர்மருக்குப் பேச்சில் சிக்கனம் அதிகம். நாலு வார்த்தையில் சொல்ல வேண்டியதை மூன்றில் முடிப்பார். அந்த மூன்றிலும் ஒரு வேற்றுமை உருபை விழுங்கிவிடுவார். அவர் விழுங்கியது என்னவென்று கண்டுபிடித்துச் சொல்வது பூவாண்டியின் வேலை. அவையில் அவனுக்குப் பட்டம் எதுவும் கிடையாது. ராஜாவுக்குச் சிரிக்கத் தோன்றினால் கூப்பிடுவார்கள். சிக்கல் வந்தாலும் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் சிக்கல் வந்தது. கொண்டுவந்தவர் அரண்மனைப் பள்ளியின் தலைமை வாத்தியார் ஏகாம்பர வித்துவான்.

"மன்னா, உப்பளத்தில் ஒரு பள்ளி நடக்கிறது" என்றார் அவர்.

உப்பு வாருகிறவர்கள் தாங்களே கூரை வேய்ந்து, வீட்டுக்கு ஒரு பிடி அரிசி போட்டு நடத்துகிற பள்ளி அது. உமையாள் என்ற பெண் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

"நல்லதுதானே" என்றார் ராஜா.

"காலையில் மட்டும்தான் ஏடு பிடிக்கிறார்கள். அப்புறம் உப்பங்கழியில் நீச்சல். சிலம்பம். பொம்மலாட்டம். பிள்ளைகளே சமைத்துப் பந்தி வைக்கிறார்கள். நேற்று அந்தப் பக்கம் போனேன். எனக்கும் ஓர் இலை போட்டுவிட்டார்கள்."

"சாப்பிட்டீர்களா?" என்று பூவாண்டி கேட்டான்.

"அது வேறு விஷயம்" என்றார் வித்துவான்.

ராஜாவின் முகம் சுருங்கியது. அவருடைய மகன் செவ்வேள் அரண்மனைப் பள்ளியில்தான் படித்தான். ஏட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், வாயைத் திறக்க மாட்டான். அந்தக் கவலை அவருக்கு எப்போதும் உண்டு. அரண்மனையிலேயே படிப்பு ஏறவில்லை, உப்பளத்தில் விளையாட்டு வேறா என்று எரிச்சல் வந்தது.

"பூவாண்டி, போ. அந்தப் பள்ளியில் படிப்பு தவிர மற்றதெல்லாம் கலை."

"இன்னொரு முறை சொல்லுங்கள், மன்னா. என் காது கொஞ்சம் மந்தம்."

"படிப்பு தவிர மற்றதெல்லாம் கலை."

"மன்னர் வாக்கு அட்சர சுத்தம்" என்று தலையாட்டினார் வித்துவான். "ஓர் எழுத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

"வித்துவான் ஐயா சொன்னபடியே செய்கிறேன்" என்று பூவாண்டி கிளம்பினான்.

அவன் போய்ச் சேர்வதற்குள் உமையாளுக்குச் சேதி எட்டிவிட்டது. பொம்மைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"கலைக்கத்தானே வந்தீர்கள்?" என்றாள். "பள்ளியை விட்டு உப்பு வாரப் போன பிள்ளைகள் இந்தப் பொம்மைகளுக்காகத்தான் திரும்பி வந்தார்கள். வந்த இடத்தில் எழுத்தும் ஒட்டிக்கொண்டது. இதை எடுத்துவிட்டால் நாளைக்கே பாதிப்பேர் மறுபடி உப்புப் பாத்தியில் நிற்பார்கள்."

"மூட்டையை அவிழுங்கள், அம்மா. முரசுக்காரரைக் கூட்டி வந்திருக்கிறேன். அவர் சொல்வதை முதலில் கேளுங்கள்."

முரசுக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். "உப்பளத்துப் பள்ளியில் படிப்பு தவிர மற்றதெல்லாம்..." என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "கலை. இது அரச கட்டளை" என்று முடித்தார்.

உமையாள் ஒரு கணம் விழித்தாள். பிறகு மூட்டையை அவிழ்த்தாள்.

ராஜாவே கலை என்று சொல்லிவிட்டார் என்றதும் ஊருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாகசுரக்காரர் தானாக வந்து பிள்ளைகளுக்கு ஊதச் சொல்லிக் கொடுத்தார். படகு கட்டுகிறவர் பழைய தோணி ஒன்றைச் செப்பனிட்டு, துடுப்புப் போடப் பழக்கினார். அரண்மனைச் சமையல்காரர்கூட ஓய்வு நாளில் வந்து அதிரசம் சுடக் காட்டினார். சத்தம் அரண்மனை மதில் வரைக்கும் கேட்டது.

வித்துவான் ராஜாவைக் கையோடு உப்பளத்துக்கு அழைத்து வந்தார்.

"கலை என்றேனே" என்றார் ராஜா, அங்கே நின்ற பூவாண்டியிடம். குரலில் சூடு இருந்தது.

"ஆமாம், மன்னா. நானும் ஊரெல்லாம் அதைத்தான் சொன்னேன். நீச்சல் கலை, சமையல் கலை, பொம்மலாட்டமும் கலை."

"புரட்டு" என்றார் வித்துவான். "மன்னர் கலைத்துவிடச் சொன்னார்."

"அப்படியானால் 'மற்றதை எல்லாம்' என்று சொல்லியிருப்பார். மன்னர் வாக்கில் 'ஐ' இல்லை. நான் இலக்கணம் அறியாதவன். நீங்கள் பக்கத்தில்தானே நின்றீர்கள்? ஓர் எழுத்தைக் கூட்டக் கூடாது என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள்."

ராஜா சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார்.

அப்போது பொம்மலாட்டத் திரைக்குப் பின்னாலிருந்து அரக்கன் ஒருவன் கர்ஜித்தான். கணீரென்ற குரல். ஒரு பாட்டை முழுதாக, பிசிறில்லாமல் பாடி முடித்தான். கூட்டம் ஆரவாரம் செய்தது. ராஜா மட்டும் அசையாமல் நின்றார்.

"யார் அது?"

திரை விலகியது. கையில் அரக்கன் பொம்மையோடு செவ்வேள் எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் அரண்மனைப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

ராஜா மெல்லத் திரும்பினார். "ஏடும் கையுமாக இருக்கிறான் என்று தினமும் சொன்னீரே, வித்துவானே."

"ஏடு என்னிடம்தான் இருக்கிறது, மன்னா" என்றார் வித்துவான். அவர் பள்ளி காலியாகிக்கொண்டு வந்ததும், அதற்காகவே புகார் சொன்னதும் அப்போதுதான் வெளிப்பட்டது.

ராஜா மணலிலேயே உட்கார்ந்து ஆட்டம் முடியும்வரை பார்த்தார். மகனின் குரலை அவ்வளவு உரக்க அவர் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, உப்புக் காற்று என்று பூவாண்டியிடம் சொன்னார்.

"அம்மா, இனி அரிசி அரண்மனையிலிருந்து வரும்" என்றார் உமையாளிடம்.

"அரிசி வேண்டாம், மன்னா. வீட்டுக்கு ஒரு பிடி போடுவதால்தான் இது எங்கள் பள்ளி. மழைக்கு ஒழுகாமல் ஓடு மட்டும் வேய்ந்து கொடுங்கள்."

"ஆகட்டும்."

வித்துவான் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "என் பள்ளி, மன்னா? அதை என்ன செய்வது?"

"கலை" என்று சொல்லிவிட்டு ராஜா குதிரை ஏறினார்.

வித்துவான் பூவாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா, இதற்கு எந்தப் பொருள்?"

"இலக்கணம் படித்தவர் நீங்கள். நாளைக் காலைக்குள் தீர்மானம் செய்துவிடுங்கள்."

மறுநாள் பொழுது விடியும்போது, அரண்மனைப் பள்ளி வாசலில் வித்துவான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிலம்பம் சுற்றிக்கொண்டிருந்தார்.