சேராங்கொட்டை உருண்டை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் குரல் அவ்வளவு தூரம் எட்டாது.

மலையடிவாரத்தில் செவ்வந்தியம்மை என்று ஒரு வைத்தியர் இருந்தார். அவருடைய சீடர் காத்தமுத்து, குருவைவிட வயதில் மூத்தவர். நரைத்த தலையோடு படிக்க வந்தவரை மற்ற வைத்தியர்கள் எல்லாம் சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். இந்த அம்மைதான் "உள்ளே வாங்க அண்ணே" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்தமுத்து உயிரையும் கொடுப்பார்.

முத்து முத்தான கையெழுத்து அவருக்கு. குருவின் மருந்துச் சுவடியைப் பார்த்து ஒரு படி எழுதி முடித்தார். குருவிப்பட்டி வைத்தியருக்குப் போக வேண்டிய படி. வாசலில் வண்டி பூட்டி நின்றது.

அந்த வைத்தியசாலையில் ஒரு வழக்கம் உண்டு. எழுதினவர் தன் படியை வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் மூலச் சுவடியைக் கையில் வைத்து ஒத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஏடு வாசல் தாண்டும்.

"அம்மா, எழுதினதும் நான், திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்த்ததும் நான். ஒரு பிழை கிடையாது. இன்னொருத்தர் பார்த்து என்ன ஆகப்போகுது?"

"சரிதான் அண்ணே, அனுப்பிடலாம். எனக்கு முழங்கால் குடையுது. மூட்டுவலி மருந்தை மட்டும் வாசிங்க, செஞ்சுக்கறேன்."

அம்மை மருந்தறைக்குள் போனார். காத்தமுத்து வெளியே நின்று வாசித்தார்.

"சேராங்கொட்டையை எடுத்து..."

"எடுத்தாச்சு."

"எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்து..."

உள்ளே உரல் சத்தம் கேட்டது.

"உருட்டி விழுங்கவும்."

அம்மை உருண்டையோடு வெளியே வந்து, அதை வாயருகே கொண்டுபோனார்.

காத்தமுத்து பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, கொட்டையை நஞ்சு முறிச்சுச் சுத்தி செய்யலையே. தொண்டை வெந்துபோகும்."

"நீங்க அப்படி வாசிக்கலையே."

"வாசிச்சேனே..."

படியைப் பார்த்தார். அந்த வரி இல்லை. மூலத்தைப் புரட்டினார். அடுத்தடுத்த இரண்டு வரிகளும் ஒரே மாதிரி தொடங்கியிருந்தன. எழுதும்போது கண் முதல் வரியை விட்டு அடுத்ததற்குத் தாவியிருக்கிறது. நஞ்சை முறிக்கும் விதம் அப்படியே விடுபட்டுப் போயிருந்தது.

"ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் இருந்துச்சே அம்மா. ஏட்டுல இல்லை, மனசுல இருந்திருக்கு."

"அப்போ உங்க மனசையும் வண்டியில ஏத்தி அனுப்பட்டுமா?"

காத்தமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஒரு ஊரையே காப்பாத்திட்டீங்க தாயே" என்று கும்பிட்டார்.

"கையைப் பிடிச்சது நீங்க. நான்தான் கும்பிடணும்."

வண்டிக்காரரிடம் மாட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அம்மை மூலச் சுவடியை மடியில் விரித்து உட்கார்ந்தார்.

"முதல்லேருந்து வாசிங்க அண்ணே."

காத்தமுத்து ஏட்டை எடுப்பதற்குள், அம்மை அந்த உருண்டையை இரண்டாகப் பிட்டார்.

"அம்மா, வேண்டாம்."

"எள்ளும் வெல்லமும்தான். நீங்க சுத்தி செய்யச் சொல்லாதப்பவே கொட்டையைக் கீழே வச்சுட்டேன்" என்று ஒரு பாதியை அவர் கையில் வைத்துவிட்டு, மறுபாதியை வாயில் போட்டு மென்றார்.