அமலுக்கு வரும் நாள்

வேதக்கண் தாலுகா ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு பிரசங்கம் செய்யப் பழகவேண்டும் என்று ஆசை வந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் மாசிலாமணி ஐயரிடம் பாடம் கேட்கப் போனார். அந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு அறுபத்தொன்று. அதனால் இவர் அவரை ‘ஐயா’ என்பார், அவர் இவரை ‘அண்ணாச்சி’ என்பார்.

அன்று ஐயர் தம் அறையில் உட்கார்ந்து, கோயில் மைக் வயரில் பிய்ந்த இடத்துக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“தேவனுடைய ராஜ்யம் எந்தத் தேதியிலேருந்து அமலுக்கு வருது?”

ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“சிரிக்காதீங்க. ராஜ்யம்னா அரசாங்கம். அரசாங்கம்னா ஆணை. ஆணைன்னா அமலுக்கு வாற நாள்னு ஒண்ணு வேணும்லா? ஒருத்தர் பெத்லகேம்லயே ஆரம்பிச்சுட்டுங்காரு. ஒருத்தர் சிலுவையிலங்காரு. உயிர்த்தெழுந்த அன்னைக்குன்னு சொல்லுதவரும் உண்டு. இன்னும் வரவே இல்ல, இனிமேதான்னும் சொல்லுதாங்க. நாமளும் தினம் வரட்டும் வரட்டும்னுதான் ஜெபிக்கோம்.”

“இதுல உங்களுக்கு எது தோதா இருக்கு?”

“இனிமேதான்ங்கிறது.”

“ஏன்?”

வேதக்கண் வயரின் மறுநுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவர் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். ஒரே மகள் கிருபைக்கனி மூன்று வருஷத்துக்கு முன் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். பையனும் இதே கோயிலில் வளர்ந்தவன்தான். ஆராதனையில் ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் குடிக்கலாம், சம்பந்தம் மட்டும் வைக்கக் கூடாது என்பது வேதக்கண்ணின் சட்டம். அன்றோடு மகளிடம் பேச்சு நின்றது. யாராவது சமாதானம் பேசப் போனால், “ராஜ்யம் வரும்போது எல்லாம் நேராகும்” என்று சொல்லி அனுப்பிவிடுவார். இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஞானஸ்நானம் என்று கோயிலில் அறிவிப்பு வாசித்தாயிற்று. போவதா, வேண்டாமா என்று இரண்டு நாளாக மனுஷருக்குத் தூக்கம் இல்லை. ராஜ்யத்தின் தேதி தெரிந்தால் முடிவெடுத்துவிடலாம் என்று நினைத்தார், பாவம்.

ஐயர் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“அண்ணாச்சி, உங்க சர்வீஸ்ல ஆணை வந்தும் வராத மாதிரி இருந்த கேஸ் ஏதாவது உண்டா?”



“ஒண்ணு உண்டு. சொல்ல வெக்கமா இருக்கு.”

“சொல்லுங்க.”

“மாடத்தின்னு ஒரு அம்மா. புருஷன் இல்ல. ரெண்டு பிள்ளைகளோட பாலத்தடியில கிடந்தா. வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு குடுத்திருந்தா. தாசில்தார் கையெழுத்துப் போட்டாச்சு. பதிவேட்டுல ஏத்தி அவ கையில குடுக்கவேண்டியது நான். அந்த நேரம் பாத்து எலெக்ஷன் வேலை வந்துட்டு. டிராயர்ல வச்சவன் மறந்துட்டேன்.”

“எத்தனை நாள்?”

“மூணு மாசம். வாரம் ஒருக்க வந்து நிப்பா. ‘வந்துட்டா சார்?’ம்பா. நான் நிமிந்துகூட பாக்காம ‘வரும், போ’ம்பேன். நல்ல மழைக்காலம் வேற.”

“பட்டா அவ பேருக்கு எப்போ ஆச்சு?”

“கையெழுத்துப் போட்ட அன்னைக்கே.”

“அப்போ அந்த மூணு மாசமும் அது யாரு மனை?”

“அவ மனைதான்.”

“அவ எங்க இருந்தா?”

“பாலத்தடியில.”

வயரைச் சுருட்டி வைத்துவிட்டு ஐயர் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

பிறகு வேதக்கண் தலையை ஆட்டினார்.

“விளங்கிட்டு ஐயா. ராஜ்யம் எப்பவோ வந்துட்டு. எம் மகளுக்குச் சேரவேண்டிய மன்னிப்பை நான்தான் டிராயர்ல பூட்டி வச்சிருக்கேன். எடுத்துக் குடுன்னு சொல்லுதீங்க.”

“பாதிதான் விளங்கியிருக்கு.”

“மீதி?”

“நீங்க இன்னும் அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கல. இந்தக் கேஸ்ல நீங்க கிளார்க்கு இல்ல அண்ணாச்சி. மாடத்தி.”

வேதக்கண்ணுக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. தப்புச் செய்தவள் மகள், மனு போடவேண்டியவளும் அவள். தான் எதற்குப் பாலத்தடியில் கிடக்கவேண்டும்?

“என்னய்யா சொல்லுதீங்க? நான் யார்கிட்ட என்னத்தக் கேட்டு நிக்கேன்?”

ஐயர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். ஞானஸ்நான விண்ணப்பம். கிருபைக்கனியின் கையெழுத்து. எழுத்தைச் சாய்த்துச் சாய்த்து எழுதுவாள், அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

வேதக்கண் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், குழந்தைக்காகப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோர் பெயர். அந்த இடத்தில் வேதக்கண் என்று இருந்தது. உறவு என்ற இடத்தில் ‘தாத்தா’ என்று இருந்தது.

“என்னைக் கேக்காம எம் பேரை எழுதியிருக்காளே.”

“ஆமா.”

“நான் வரமாட்டேன்னு அவளுக்குத் தெரியாதா?”

“தெரியும். நானும் சொல்லிப் பாத்தேன். ‘இருக்கட்டும் ஐயா, அப்பா வந்தாலும் வராட்டாலும் அது அப்பா இடம்’னுட்டா.”

பழக்கதோஷம், அவர் கண் தானாகவே தாளின் அடியில் தேதியைத் தேடியது. தாளை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் பார்த்தார்.

“இது அசனத்தன்னைக்குல்லா?”

அசனம் என்பது வருஷத்துக்கு ஒருமுறை சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. இந்த வருஷ அசனத்தில் கிருபைக்கனி கைக்குழந்தையோடு வந்து அப்பாவின் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் குழந்தையைத் திரும்பிப் பார்க்காமல் அப்படியே எழுந்து போய்விட்டார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“காலையில, ஆராதனை முடிஞ்சதும் எழுதிக் குடுத்தாளோ? நான் அப்படிச் செய்யதுக்கு முன்னாலயே?”

“இல்ல அண்ணாச்சி. நீங்க எந்திரிச்சுப் போன பொறவுதான். பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நேரா இங்கதான் வந்தா. இந்த மேசையிலதான் எழுதுனா.”

வேதக்கண் கண்ணாடியைக் கழற்றினார். அழுகிற பழக்கம் இல்லாத மனிதர். எப்படி அழுவது என்று தெரியாமல் அழுதார். ஐயர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து வேதக்கண் துண்டால் முகத்தைத் துடைத்தார். தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்தார்.

“நான் எத்தனை மணிக்கு வரணும், ஐயா?”

“கோயிலுக்குன்னா ஞாயித்துக்கிழமை எட்டரைக்கு. அவ வீட்டுக்குன்னா இப்பவே போலாம்.”