பேரனின் தோசைக்கல்

ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்குக் கிளம்பி வருவார்கள். வழியில் எதற்குக் கிளம்பினோம் என்பதை மறந்து, நம் வீட்டிலேயே சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள்.

அங்கே ஏகாம்பரம், தெய்வநாயகம், வைரக்கண்ணு என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மூத்தவனுக்கு ஆகாமல் இளையவர்களுக்கு ஆகாது. மூத்தவனுக்கு ஏன் ஆகவில்லை என்பதற்கு அவர்கள் வீட்டு அடுப்படியே சாட்சி.

அடுப்படியில் நான்ஸ்டிக் தோசைக்கல் ஒன்று வாங்கி வைத்தார்கள். "இதில் எதுவும் ஒட்டாது" என்று அட்டையில் போட்டிருந்ததை ஏகாம்பரம் உரக்கப் படித்தான். தெய்வநாயகம் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எதுவும் ஒட்டாதுங்கிறான். ஆனா கறுப்பா ஒண்ணு முழுக்க ஒட்டிக்கிட்டு இருக்கேண்ணே?"

கம்பி நாரால் தேய்த்தார்கள். போகவில்லை. கரண்டியால் சுரண்டினார்கள். பாதி போயிற்று. மறுநாளிலிருந்து தோசை கல்லைவிட்டு வர மறுத்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வேறு கடையில் இன்னொன்று வாங்கி, அதையும் சுத்தம் செய்தார்கள். பிறகு மூன்றாவது.

ஒரு நாள் கல்யாணத் தரகர் சிவசைலம் வந்தார். தோசை வைத்தார்கள். பிய்த்துப் பார்த்தவர், "என்னப்பா கறுப்பு கறுப்பா? மிளகா?" என்றார்.

"இல்லீங்க, கல்லு," என்றான் வைரக்கண்ணு பெருமையாக.

தரகர் கையைக் கழுவிக்கொண்டார். "ஏகாம்பரம், கேட்டுக்க. மணிமொழின்னு ஒரு பொண்ணு, பல்கலைக்கழகத்துல படிக்குது. வர்ற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் 'பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா'ன்னு கேட்டாங்க. 'மாப்பிள்ளைக்குத் தெரியுமா'ன்னு அது திருப்பிக் கேட்டுச்சு. கேட்ட வேகத்துல எல்லாரும் பஜ்ஜியைக்கூட முடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க. இப்ப, எவன் தன் கையால ஒரு தோசை சுட்டுப் போடுறானோ அவன்கிட்டதான் பேசுவேன்னு நிக்குது. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன். முதல்ல இந்தக் கர்மத்தையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டுட்டு, காலத்துக்கும் உழைக்கிற கல்லா ஒண்ணு வாங்கு."

அவர் தெருவில் இறங்குவதற்குள் மூன்று கல்லும் ஜன்னல் வழியே பறந்தன. ஒன்று அவர் முதுகிலேயே போய் இறங்கியது.

ஏகாம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் அவனுக்கு உருப்படியாக வருகிற ஒரே காரியம் தோசை சுடுவது. அதைக் கேட்டு ஒரு பெண் வருவாள் என்று அவன் நினைத்ததே இல்லை. இவளை விட்டால் வேறு எவளும் இதைக் கேட்கப்போவதில்லை என்பது அவனுக்கே புரிந்தது. அவனுக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூவரும் பாத்திரக்கடைக்குப் போனார்கள்.

"எதுவா இருந்தாலும் தட்டிப் பாத்து வாங்குங்க," என்றார் கடைக்காரர் அண்ணாச்சி.

இரும்புக் கல்லை எடுத்து மண்சட்டியைத் தட்டினார்கள். பார்த்தார்கள். வாங்க வேண்டியதாகிவிட்டது. சில்லுகளைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த சட்டிக்கு நகர்ந்தபோது அண்ணாச்சி பதறி ஓடிவந்தார்.

"ஐயா சாமிகளா, கையில வச்சிருக்கீங்களே அதையே எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. அசல் இரும்பு. உங்களுக்கு உழைக்கும், உங்க மகனுக்கு உழைக்கும். உங்க பேரனுக்கே இதை விட்டுட்டுப் போகலாம்!"

மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கல்லைத் துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவந்து, பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

ஞாயிறு காலை. மாவு பொங்கி நின்றது. ஏகாம்பரம் பீரோச் சாவியை எடுத்தான்.

"அண்ணே, நில்லு," என்றான் தெய்வநாயகம். "அது பேரன் கல்லு. பேரன் சொத்துல தாத்தா கை வைக்கிறதா?"

"ஒரே ஒரு தோசைடா."

"திருடன்லாம் அப்படித்தான் ஆரம்பிப்பான்."

ஏகாம்பரம் சாவியைக் கீழே வைத்தான். "அப்போ பேரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம். எங்கே அவன்?"

"இன்னும் பொறக்கலையே. அதுக்கு உனக்கு மகன் பொறக்கணும்."

"மகனுக்கு?"

"கல்யாணம் ஆகணும்."

"கல்யாணத்துக்கு?"

"தோசை சுடணும்."

"தோசைக்கு?"

"கல்லு வேணும்," என்றான் வைரக்கண்ணு. மூவரும் பீரோவைப் பார்த்தார்கள்.

வாசலில் தரகர் குரல் கேட்டது. மணிமொழியும் அவள் அப்பாவும் வந்து உட்கார்ந்தார்கள். ஏகாம்பரம் வெறுந்தட்டோடு வந்து நின்று, நடந்ததை மறைக்காமல் சொன்னான். தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். மணிமொழி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, கடைக்காரர் 'உங்களுக்கு உழைக்கும்'னுதானே முதல்ல சொன்னாரு?"

"ஆமாங்க. ஆனா பேரனுக்கு விட்டுட்டுப் போகலாம்னு கடைசியாச் சொன்னாரு. கடைசியா எழுதுன உயில்தானே செல்லும்?"

"பொறக்காத பேரனுக்குச் சொத்து இருக்கு. பொறந்து, பசியோட எதிர்ல உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஒரு தோசை இல்ல?"

"நீங்க அவனோட பாட்டிங்க. நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

மணிமொழி எழுந்தாள். "நல்லாக் கேட்டுக்குங்க. நான் இந்த வீட்டுக்கு வரப்போறதில்ல. உங்க பேரனும் வரப்போறதில்ல. அப்பா, வாங்க." தரகரும் பின்னாலேயே நழுவினார்.

ஏகாம்பரம் இடிந்துபோய்ச் சுவரில் சாய்ந்தான். தெய்வநாயகம் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அண்ணே! பேரன் வரப்போறதில்லையாம்! அப்போ கல்லு நம்மதுதான்!"

ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது. பீரோ திறந்தது. அடுப்பு பற்றியது. எண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்து, மாவை ஊற்றி வட்டமாக இழுத்தான். முதல் இரண்டு பிய்ந்து வந்தன. அடுத்தது விளிம்பு சிவந்து, தானாகக் கல்லைவிட்டு எழுந்தது. தட்டில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். தம்பிகள் பின்னால் சட்னியோடு ஓடினார்கள்.

பஸ் இன்னும் வரவில்லை. அவன் மூச்சு வாங்கத் தட்டை நீட்டினான். மணிமொழி அவனையும் தோசையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கிள்ளினாள்.

"அப்பா, சுடத் தெரியுது," என்றாள். "போன தடவை வந்தவருக்கு மூளையும் இல்ல, தோசையும் இல்ல. இவர்கிட்ட பாதியாவது இருக்கு. உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம்."

ஏகாம்பரத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. கல்யாணம்! அப்படியானால் ஒரு மகன். அப்படியானால்...

பாய்ந்து அவள் கையிலிருந்த தோசைத் துண்டைப் பிடுங்கினான்.

"சாப்பிடாதீங்க! நீங்க சம்மதிச்சா பேரன் பொறந்துருவான். இது அவன் கல்லுல சுட்டது!"

பஸ் வந்தது. மணிமொழி ஏறினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மூவரும் குடும்ப மானம் காப்பாற்றப்பட்ட நிம்மதியில், தோசையை மூன்றாகப் பிய்த்துத் தின்றுகொண்டே வீடு திரும்பினார்கள்.

அன்று மாலையே தரகருக்குச் சேதி போயிற்று. பெண்ணுக்கு நகை வேண்டாம், நிறம் வேண்டாம், சமைக்கக்கூடத் தெரிய வேண்டாம். படிப்பு எவ்வளவு இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறோம். ஒரே நிபந்தனை: வரும்போதே கையோடு ஒரு பேரனை அழைத்து வர வேண்டும். கையெழுத்துப் போடுகிற வயசுப் பேரனாக இருந்தால் ரொம்ப நல்லது.