மொட்டைக் குச்சியும் தேன்சிட்டும்

குளக்கரையில் ஒரே ஒரு செம்பருத்திச் செடி. அதை நம்பித்தான் தேன்சிட்டு வாழ்ந்தது. கரை இடிந்து இடிந்து, செடி தண்ணீர்ப் பக்கம் சாய்ந்துவிட்டது. அடுத்த பெருமழையில் விழுந்துவிடும். எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் செய்யவில்லை.

“செடி போச்சுன்னா நான் இந்தக் குளத்தையே விட்டுப் போகணும்! யாராவது ஏதாவது பண்ணுங்களேன்!” என்று தேன்சிட்டு கத்தியது.

“இதெல்லாம் ஒரு வேலையா?” என்று குரங்கு தாவி வந்தது. பூவும் மொட்டுமாக இருந்த பெரிய கிளையை ஒடித்து, மேட்டில் நல்ல வெயிலில் ஊன்றியது. “பார்த்தியா! ஒரே நிமிஷத்துல தோட்டம்!”

“காஞ்சிடும்” என்றது வளைக்குள்ளிருந்து பெருச்சாளி.

வெளியே வந்து அதுவும் ஒரு கிளையை எடுத்தது. கணுவுக்குக் கீழே சாய்வாகக் கடித்தது. பூவைத் துப்பியது. மொட்டுகளைத் துப்பியது. நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு, நிழலில் ஈரமண்ணில் நட்டது.

“அடப்பாவி! என் சோத்தைத் துப்புறியே!”

“வேரே இல்லாத குச்சி இது. தன் வயித்துக்கே வழியில்ல. பூவுக்கு வேற சோறு போடணுமா?”

“மொட்டைக் குச்சிக்கு எவ்வளவு பேச்சு!” என்று குரங்கு சிரித்தது.

கொஞ்ச நாளில் குரங்கின் கிளை கருகியது. “மண்ணு சரியில்ல” என்று சொல்லிவிட்டு அது நழுவியது. பெருச்சாளியின் குச்சியும் பார்க்கச் சகிக்கவில்லைதான்.

பெருமழை வந்தது. செடி குளத்தில் விழுந்து போனது.

“நான் கிளம்புறேன்” என்று சொல்ல வந்த தேன்சிட்டு, அந்தக் குச்சிமேல் உட்கார்ந்தது. குச்சி ஆடவில்லை!

“வேர் பிடிச்சிருச்சுடா!” என்று தேன்சிட்டு கத்தியது.

கணுவில் பச்சையாக ஒரு துளிர். தேன்சிட்டு கிளம்பவில்லை. சிலந்தி பிடித்துத் தின்று ஒப்பேற்றியது.

ஒருநாள் அந்தக் குட்டிச் செடியில் முதல் மொட்டு வந்தது. தேன்சிட்டுக்கு நல்ல பசி. மொட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு தானே அதைக் கொத்தி உதிர்த்தது!

“பைத்தியமா உனக்கு?” என்றது குரங்கு.

“செடி இன்னும் சின்னப் புள்ள. முதல்ல அது சாப்பிடட்டும்!”

பெருச்சாளி செடியின் அடியில் ஈரமண்ணை அணைத்துவிட்டது.

செடி நாலாபக்கமும் கிளை விட்டது. அடுத்துப் பூத்தபோது, எந்தப் பூவில் தொடங்குவதென்று தேன்சிட்டுக்குத் தெரியவில்லை.

“எனக்கும் ஒரு குச்சி நட்டுக் காட்டேன்” என்று குரங்கு வந்து நின்றது. “முதல்ல பூவைப் பிய்க்கணும், சம்மதமா?” என்றது தேன்சிட்டு.

இன்றைக்கு ஒரு பூவை விட்டுக்கொடுக்க மனசு வந்தால்தான் நாளைக்கு ஒரு செடியே கிடைக்கும்.