இங்கே வந்தேன்

ஒரு கணினியில், நிரல் எழுதும் எடிட்டருக்குள், நொடியான் என்றொரு குட்டி எக்ஸ்டென்ஷன், அதாவது துணைநிரல், குடியிருந்தான். அந்தக் கணினியில் நிரல் எழுதும் சங்கவி எவ்வளவு நேரம் வேலை செய்தாள் என்று எண்ணிச் சொல்வதுதான் அவன் பிழைப்பு. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒருநாள் மதியம்வரை அவள் தலை நிமிராமல் உழைத்தாள். நொடியானோ, "நாலே நிமிடம்" என்றான்.

பக்கத்து இருக்கை நௌஷாத் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "இதத் தூக்கிப் போடு சங்கவி. வேற ஒண்ணு போட்டுக்கலாம்."

"இரு, ஒரு தடவ பாத்துடறேன். சரியாகலேன்னா தூக்கிடறேன்."

"விசைப்பலகைதான் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை" என்று பழி போட்டான் நொடியான்.

"காலையிலிருந்து வாங்கிய அடி எனக்குத்தான் தெரியும். வாயை மூடு" என்றது விசைப்பலகை.

சங்கவி அவனுடைய நிரலைத் திறந்தாள். எண்ணத் தொடங்கும் இடத்தில் புதிதாக ஒரு வரியைச் செருகினாள். அந்த வரிக்குத் தெரிந்தது இரண்டே சொற்கள்: "இங்கே வந்தேன்." நிரல் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"நீ வந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாய்?" என்று கேட்டான் நொடியான்.

எடிட்டரைத் திறக்கும்போது ஒரே ஒரு முறை கேட்க வேண்டிய குரல் அது. சங்கவி திறந்தாள். "இங்கே வந்தேன்." சரி. அடுத்த கோப்புக்குத் தாவினாள். "இங்கே வந்தேன்." இன்னொன்றுக்குத் தாவினாள். மறுபடியும், "இங்கே வந்தேன்."

நொடியான் வெட்கத்தில் குறுகிப்போனான். கோப்பு மாறும்போதெல்லாம் புது நாள் பிறந்துவிட்டதாக நினைத்து, அதுவரை எண்ணியதைத் துடைத்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது அவனேதான்.

"அட, இதுதானா!" என்று சங்கவி சட்டெனச் சரிசெய்தாள். மாலையில் கணக்கு அப்படியே பொருந்தியது.

"பொழச்சுட்டான் உன் ஆளு" என்றான் நௌஷாத்.

அவள் கர்சரை அந்த வரியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"தப்பு செய்தவன் நான். அதை ஏன் அழிக்கிறாள்?" என்று பதறினான் நொடியான்.

"வேலை முடிந்தால் அழிப்பதுதான் வழக்கம்" என்றது விசைப்பலகை. "விட்டால் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். அழிப்பார்கள் என்று தெரிந்துதான் அது வந்தது."

தனக்கு உயிர்ப்பிச்சை தந்தது அந்த ஒற்றை வரிதான் என்று நொடியானுக்குப் புரிந்தது. நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் வரி போய்விட்டது.

இப்போது அவன் கணக்கில் பிசகே கிடையாது. ஆனால் ஒவ்வொரு நாளும் எண்ணத் தொடங்குமுன், யாருக்கும் கேட்காமல், "இங்கே வந்தேன்" என்று ஒருமுறை சொல்லிக்கொள்கிறான். அதற்காகும் ஒரு நொடியை மட்டும் அவன் யார் கணக்கிலும் சேர்ப்பதில்லை.